சரக்கு இறக்கும் நேரம் தெரியாத செயலி: 14 மாத அனுபவம்

திருவள்ளூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர், பாதைத் திட்டமிடும் செயலியின் ஆண்டுச் சந்தா குறைந்திருப்பதாகச் சொல்லி, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். போரூர்ப் பக்கம் சிமெண்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி வியாபாரம் செய்யும் நான் அதை 14 மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக இல்லாததால் எழுதுகிறேன்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக ஆற்காடு சாலை தோண்டப்பட்ட பிறகு, எந்தத் திருப்பம் எந்த வாரம் மூடப்படும் என்பது எங்கள் ஓட்டுநர்களுக்கே பிடிபடவில்லை. நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களுக்கு உள்ள தடை வேறு. பத்து இடங்களில் சரக்கு இறக்க வேண்டுமென்றால் அவற்றை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. எவ்வளவு அனுபவமுள்ள ஓட்டுநரும் அவற்றில் மூன்று நான்கைத்தான் மனத்தில் ஓட்டிப் பார்ப்பார். செயலியோ லாரியின் நீளம், உயரம், நோ என்ட்ரி நேரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு வரிசையைத் தருகிறது. ஒரே தெருவுக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று வண்டி போய்வந்தது நின்றது. டீசல் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமானது. வண்டி வரும் நேரம் மேஸ்திரியின் கைபேசிக்கே போய்விடுவதால், விடிந்ததும் தொடங்கும் விசாரிப்பு அழைப்புகள் பெரிதும் குறைந்தன. இது நான் எதிர்பாராத நிம்மதி.

ஆனால் எல்லா இடத்திலும் சரக்கு இறக்க 20 நிமிடம் போதும் என்று அது நினைக்கிறது. கட்டுமானப் பொருள் வியாபாரத்தில் தாமதம் சாலையில் உண்டாவதைவிட, இறக்கும் இடத்தில் உண்டாவதே அதிகம். வேண்டிய நேரத்தை நாமே மாற்றிப் பதியலாம். எனினும் புதிதாக ஓர் ஆர்டரைச் சேர்த்ததும் செயலி வரிசையை மறுபடி போடுகிறது, நாம் பதிந்தவை அனைத்தும் 20 நிமிடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. மூன்று முறை புகார் அளித்தேன். அடுத்த பதிப்பில் சரியாகும் என்ற ஒரே பதில்தான் மூன்று முறையும் வந்தது.

சென்ற வியாழக்கிழமை வளசரவாக்கத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மீதி 60 மூட்டை சிமெண்ட் எங்கள் வண்டியில் மூன்றாவது இறக்கமாக 8.40க்குப் போய்ச்சேரும் என்று திரை காட்டியது. முதல் இடத்தில் வாசல் முழுக்க ஜல்லி கொட்டிக் கிடந்ததால், இரண்டு சுமைதூக்கிகள் 80 மூட்டைகளை, மூட்டைக்கு 50 கிலோ வீதம், முதல் மாடிக்கே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கு 70 நிமிடம் ஆயிற்று. முந்தைய இரவே நான் அந்த 70 நிமிடத்தைப் பதிந்திருந்தேன். காலை ஆறு மணிக்கு வேறொரு வண்டியில் 10 மூட்டை அவசர ஆர்டரைச் சேர்த்ததில் அது அழிந்துபோனது. இரண்டாம் இடத்தில் கம்பி இறக்க 55 நிமிடம் பிடித்தது.

"அண்ணே, கலவை மிஷின் நிக்குது. பாதித் தளம் போட்டாச்சு, வண்டி எங்க இருக்கு?" என்று மேஸ்திரி கேட்டபோது மணி 9.15. வண்டி 10.05க்குத்தான் போய்ச்சேர்ந்தது. சிமெண்ட் இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், வெயில் ஏறிய தளத்தில் ஒரு மணி நேரம் நின்ற கான்கிரீட்டின்மேல் புதுக் கலவை சரியாகப் பிடிப்பதில்லை. இணைப்பில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டு மேஸ்திரி வேலையைத் தொடர்ந்தார். மழைக்காலத்தில் அந்தக் கோட்டில் நீர் கசிந்தால் துன்பப்படப் போவது, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு கட்டும் அந்தக் குடும்பம்.

செயலி இல்லாவிட்டாலும் இறக்குவதற்கு அதே நேரம்தான் ஆகியிருக்கும் என்பது உண்மை. ஆனால் நோட்டில் எழுதி வண்டி அனுப்பிய காலத்தில், தளம் போடும் வீட்டுக்கே முதல் லோடு என்பது எங்கள் கடையின் மாறாத வழக்கம். திரை காட்டிய 8.40ஐ நம்பித்தான் அதை மூன்றாவதாக விட்டேன். அந்த நம்பிக்கை போன பிறகு டீசல் மிச்சத்தைக் கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லப்போகிறேன். இந்த மாதக் கடைசியில் முடியும் என் சந்தாவையும் புதுப்பிக்கப் போவதில்லை. நாளை காலை மாங்காட்டில் ஒரு தளம் இருக்கிறது. அதற்கான மூட்டைகளை இன்றிரவே கொண்டுபோய் இறக்கச் சொல்லிவிட்டேன்.