சி6-5 கிடைக்காவிட்டால்: பி6-4 போடலாமா, சி6-3 போடலாமா?

இவை மாதிரி ராக்கெட்டில் போடும், ஒரு முறை மட்டும் எரியும் சிறு மோட்டார்களின் குறியீடுகள். பி6-4, சி6-3 இரண்டும் சி6-5 போலவே 18 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம், அதனால் ராக்கெட்டுக்குள் இருக்கும் மோட்டார் குழாயில் எதையும் மாற்றாமல் பொருந்தும். 'சி' இருந்த இடத்தில் 'சி' போடுவதுதான் சரி என்று பலர் சி6-3ஐ எடுத்துவிடுகிறார்கள். ஆனால் குறியீட்டில் சிறு கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள், அது மோட்டார் எரிந்து முடிந்தபின் பாராசூட்டைத் தள்ளும் வெடிப்பு வரை ஆகும் வினாடி. லேசான ராக்கெட்டில் 3 வினாடி போதாது, ராக்கெட் இன்னும் வேகமாக மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பாராசூட் விரிந்து நூல் அறுந்துபோகும், அட்டைக் குழாயின் வாய் கிழியும்.

பி6-4ல் மொத்தக் கணத்தாக்கு (மோட்டார் எரிந்து முடியும்வரை தரும் மொத்தத் தள்ளல்) அதிகபட்சம் 5 நியூட்டன்-வினாடி, சி வகையில் 10 வரை போகலாம். உயரம் குறையும், சரி. நம் டெல்டாவில் எனக்கு அதுவே நல்லது என்று படுகிறது. சம்பா அறுவடை முடிந்த வயல் எவ்வளவு அகலமாகத் தெரிந்தாலும் வரப்பைத் தாண்டினால் தென்னந்தோப்பு, மட்டையில் மாட்டினால் ஆள் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். பி6-4ல் எரிமருந்து குறைவு என்பதால் பின்பக்க எடையும் குறையும், நேராகப் பறக்கும்.

கனமான ராக்கெட் என்றால் மட்டும் சி6-3. அது மெதுவாக ஏறி சீக்கிரம் உச்சிக்கு வந்துவிடும், அதற்கு 3 வினாடி பொருத்தம்.

அப்புறம், எதைப் போட்டாலும் ஏவுதளத்துக்கு அடியில் தகரத் தட்டு வையுங்கள், சுற்றிலும் காய்ந்த வைக்கோலைக் கூட்டித் தள்ளிவிடுங்கள்.