டெக்சஸ் துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு: சுடுவதைவிட, போலீஸ் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வதென்ற பாடத்துக்காகவே போகலாம்

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, 290 நெடுஞ்சாலைப் பக்கம், ஒரு துப்பாக்கிக் கடையின் பின்புறம் வாரக்கடைசியில் நடக்கிற கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். கேட்டி, சைப்ரஸ் பக்கம் இருக்கும் நம்மாட்கள் நிறைய பேர் எந்த வகுப்புக்குப் போவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விளம்பரம் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று கடையின் பெயரைப் போடவில்லை, வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. எச்1பி, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பி இறங்குவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியை வாங்கி நாலு தோட்டா சுட்டுவிட்டு ஃபோட்டோ போடுவதும் இதே சிக்கலுக்குள்தான் வரும், பலருக்கு இது தெரிவதில்லை. கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை.

"டெக்சஸில்தான் 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துப் போகலாமே, பிறகு எதற்கு வகுப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். லைசென்ஸ் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் மற்ற மாநிலங்களுக்குள் துப்பாக்கியோடு போகலாம். அதைவிட முக்கியம், பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்கிற மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது, மாநில லைசென்ஸ் உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஹூஸ்டன் புறநகரில் எந்த ரோட்டில் போனாலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் வந்துவிடும், யோசித்துப் பாருங்கள். மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய கட்டணம் 40 டாலர்தான். வகுப்புக் கட்டணம் தனி, இங்கே 100 டாலருக்குள் முடிந்துவிட்டது.

சுடுகிற பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது எல்லா இடத்திலும் ஒன்றுதான். மொத்தம் 50 தோட்டா. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஆள் உருவம் போட்ட பெரிய அட்டை, ஓரளவு பழகியவர்களுக்குக் கஷ்டமே இல்லை. துப்பாக்கியையே தொட்டிராதவர்கள் முன்கூட்டியே ஒரு நாள் போய்ப் பழகிக்கொள்ளுங்கள், வகுப்பன்று உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. ரேஞ்சில் காற்றோட்டம் சுமார், பக்கத்து லேனில் யாராவது ரைஃபிள் சுட்டால் காது மஃப் போட்டும் மண்டைக்குள் இடிக்கிறது. நுரைக் காதடைப்பான் வைத்துக்கொண்டு அதன்மேல் மஃப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நான் இந்த வகுப்பைச் சிபாரிசு செய்வதற்கான காரணத்துக்கு வருகிறேன். போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் துப்பாக்கி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை மற்ற இடங்களில் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். என் நண்பர் ஒருவர் போன வகுப்பில் "சொன்னபடி கேட்டால் ஒன்றும் ஆகாது" என்ற ஒரே வரியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்களாம். இங்கே அதற்கு ஒரு மணி நேரத்துக்குமேல் ஒதுக்குகிறார்கள். பயிற்சியாளர் ராணுவத்திலிருந்து வந்தவர், கறுப்பினத்தவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடைய பிக்கப் வண்டியில் ஒவ்வொருவராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார். இடுப்பில் ரப்பர் துப்பாக்கி, பேண்ட் பின்பாக்கெட்டில் பர்ஸ். அவர் ஜன்னல் பக்கம் வந்து நின்று "லைசென்ஸ்" என்பார். நம் கை தானாகவே பர்ஸை நோக்கிப் போகும். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, வெளியே நிற்பவர்களிடம் "இவருடைய கை எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். பார்த்தால் கை ஹோல்ஸ்டரிலிருந்து, அதாவது துப்பாக்கி உறையிலிருந்து, நாலு விரல் தள்ளி இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பர்ஸை எடுப்பதற்கும் துப்பாக்கியை எடுப்பதற்கும் அந்த நொடியில் வித்தியாசமே தெரியாது. எத்தனை தடவை வாயால் சொன்னாலும் மண்டையில் ஏறாத விஷயம், அந்த இருக்கையில் உட்கார்ந்ததும் ஏறிவிடுகிறது.

அவர் சொல்லித் தரும் முறை இதுதான். ஓட்டுநர் லைசென்ஸ், துப்பாக்கியை எடுத்துப் போவதற்கான கேரி லைசென்ஸ் என்ற கார்டு இரண்டையும் வண்டி ஓட்டும்போதே முன்பக்கம், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிடுங்கள், துப்பாக்கி இருக்கும் பக்கம் எந்தக் காகிதமும் இருக்கக் கூடாது. உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேலே வையுங்கள். "துப்பாக்கி" என்ற சொல்லில் ஆரம்பிக்காமல் "என்னிடம் கேரி லைசென்ஸ் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள்" என்று ஆரம்பியுங்கள். டெக்சஸ் சட்டப்படி, கையில் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் அடையாள அட்டை கேட்டால் லைசென்ஸ்காரர் இரண்டு கார்டையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இருந்த தண்டனையை 2009இல் எடுத்துவிட்டார்கள், ஆனால் கடமை அப்படியே இருக்கிறது. பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாக நினைத்தால் அதிகாரி துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆபத்தில்லை என்று தெரிந்ததும் உங்களை அனுப்புவதற்கு முன் திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் சட்டப் பிரிவைக் காட்டி வாசிக்கிறார், காற்றில் பேசுவதில்லை.

அப்புறம் உள்ளே வந்து இரண்டு பேரை எழுப்பி ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 2016 ஜூலை 6, மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸ். ஃபிலாண்டோ காஸ்டில், வயது 32, பள்ளிக்கூட உணவகத்தில் மேற்பார்வையாளர், கேரி பெர்மிட் வைத்திருந்தவர். "சார், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும்" என்று மரியாதையாக அவரே சொல்கிறார். அதிகாரி ஹெரோனிமோ யானெஸ் "அப்படியென்றால் எடுக்காதே" என்கிறார். "நான் எடுக்கவில்லை" என்கிறார் காஸ்டில். பக்கத்தில் இருந்த பெண்ணும் "அவர் எடுக்கவில்லை" என்கிறார். ஏழு குண்டு. பின்சீட்டில் 4 வயதுக் குழந்தை. பேச ஆரம்பித்ததிலிருந்து சுடுகிறவரை ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாசித்த இருவரும் முடித்துவிட்டு உட்கார்ந்தபோது யாரும் பேசவில்லை. கடைசி வரிசையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், "அந்த ஆள் சொல்ல வேண்டியதைத்தானே சொன்னான்" என்றார். பயிற்சியாளர், "ஆமாம், அதனால்தான் இங்கே ஒரு மணி நேரம் செலவழிக்கிறேன்" என்றார்.

2017 ஜூனில் யானெஸ் குற்றவாளி இல்லை என்று ஜூரி விடுவித்தது. குடும்பத்துக்கு நகராட்சி ஏறத்தாழ 30 லட்சம் டாலர் கொடுத்தது. துப்பாக்கி உரிமைக்காக நாடு முழுக்கக் குரல் கொடுக்கிற தேசிய ரைஃபிள் சங்கம் அந்த வாரம் விட்ட அறிக்கையில் காஸ்டிலின் பெயரே இல்லை. இது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமகனின் உரிமை என்று நான் முழுசாக நம்புகிறேன், 2008இல் ஹெல்லர் வழக்கிலும் 2022இல் புரூயன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்ததை வரவேற்றவன். ஆனால் அந்த உரிமையைச் சட்டப்படி பயன்படுத்திய ஒருவனைச் சீருடை போட்டவன் சுட்டுக் கொல்லும்போது வாயை மூடிக்கொள்கிற சங்கத்துக்கு எதற்காக நான் சந்தா கட்ட வேண்டும்? பத்திரத்தைப் பூர்த்தி செய்து, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, எல்லாம் சரியாகச் செய்தவனுடைய உரிமை ஒரு அதிகாரியின் பயத்தைப் பார்த்ததும் காணாமல் போகிறதென்றால், அது உரிமையா, சலுகையா?

எல்லாத் துப்பாக்கி அமைப்புகளும் அப்படி வாயை மூடிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரி 2ஆம் தேதி மினியாபொலிஸில், கதவைத் தட்டாமல் நுழையும் வாரண்டோடு போலீஸ் புகுந்தபோது, சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 22 வயது அமீர் லாக் துப்பாக்கியோடு எழுந்தார். நுழைந்த பத்து நொடிக்குள் சுட்டுவிட்டார்கள். அவரிடம் பெர்மிட் இருந்தது, வாரண்டில் அவர் பெயரே இல்லை. அப்போது மின்னசோட்டாவின் துப்பாக்கி உரிமையாளர் அமைப்பு வெளிப்படையாக அவர் பக்கம் நின்று பேசியது. அதிகாரிமேல் வழக்குப் போடவில்லை என்பது வேறு கதை. லூயிவில்லில் 2020 மார்ச்சில் பிரியானா டெய்லர் செத்த இரவில், யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்து லைசென்ஸ் துப்பாக்கியால் ஒரே ஒரு தடவை சுட்ட அவருடைய காதலர் கென்னத் வாக்கர்மேல்தான் முதலில் கொலை முயற்சி வழக்குப் போட்டார்கள், பிறகுதான் கைவிட்டார்கள். 2024 மே மாதம் ஃப்ளோரிடாவில் விமானப்படை வீரர் ரோஜர் ஃபோர்ட்சன் துப்பாக்கியைத் தரையைப் பார்க்கப் பிடித்தபடி தன் வீட்டுக் கதவைத் திறந்தார், எதிரே நின்ற ஷெரிஃப் துறை அதிகாரி சுட்டுவிட்டார். அந்த அதிகாரியை வேலையைவிட்டு நீக்கி வழக்கும் போட்டார்கள், அதாவது செய்ய வேண்டுமென்று நினைத்தால் செய்ய முடிகிறது.

ஹூஸ்டன்காரர்களுக்குத் தூரத்துக் கதை எதுவும் தேவையில்லை. 2019 ஜனவரி 28, ஹார்டிங் தெரு. ஜெரால்ட் கோயின்ஸ் என்கிற போதைத்தடுப்பு அதிகாரி, உளவாளி ஒருவர் அந்த வீட்டில் ஹெராயின் வாங்கியதாகப் பொய் எழுதிக் கொடுத்து வாரண்ட் வாங்கினார். அந்த வீட்டில் இருந்த டென்னிஸ் டட்டில், ரொஜீனா நிக்கலஸ் என்ற கணவன் மனைவி இருவரும் செத்தார்கள், போலீஸ்காரர்கள் நாலு பேர்மேலும் குண்டு பாய்ந்தது. ஹெராயின் கிடைக்கவேயில்லை. 2024இல் கோயின்ஸுக்கு 60 வருஷம் சிறை. ஆரம்பத்தில் அந்தத் தம்பதியைப் போதை வியாபாரிகள் என்றுதான் ஊர் முழுக்கப் பேசினார்கள், அதை நான் மறக்கவில்லை. வாசல் கதவை உடைத்துக்கொண்டு வருவது திருடனா போலீஸா என்று தெரியாத வீட்டுக்காரனுக்குத் தற்காப்பு உரிமை என்று பேசுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? தட்டாமல் நுழையும் வாரண்டுகளை எதிர்க்க வேண்டிய முதல் ஆட்கள் துப்பாக்கி வைத்திருப்பவர்கள்தான்.

இதை வகுப்பிலேயே ஒருவர் கேட்டார், அப்போது பயிற்சியாளர் டெக்சஸ் குற்றச் சட்டத்தின் 9.31 பிரிவை வாசித்தார். கைது சட்டவிரோதமானதாக இருந்தாலும் அதை எதிர்த்துக் கை ஓங்கக் கூடாது என்பது பொது விதி, நீங்கள் எதிர்ப்புக் காட்டுவதற்கு முன்பே அதிகாரி தேவைக்குமேல் பலத்தைப் பயன்படுத்தினால் மட்டும் ஒரு குறுகிய விலக்கு. "ரோட்டோரத்தில் இந்தப் பிரிவை நம்பி எதுவும் செய்யாதீர்கள், உயிரோடு வீட்டுக்குப் போய் வக்கீலைக் கூப்பிடுங்கள்" என்று ரொம்ப அழுத்திச் சொன்னார். வண்டியில் டாஷ்கேம் மாட்டச் சொன்னார், தேடலுக்குச் சம்மதமில்லை என்பதை அமைதியாக வாயால் சொல்லச் சொன்னார், அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் வீட்டுக்கு வந்ததும் எழுதி வைக்கச் சொன்னார். என்னை இதுவரை நிறுத்திய போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அவரும் போலீஸ்மேல் வெறுப்பைக் கிளப்பவில்லை. ஆனால் 290இல் இன்னும் கொஞ்ச தூரம் போனால் வாலர் கவுண்டி, 2015இல் லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்ட சான்ட்ரா ப்லான்ட் மூன்று நாளில் அந்த ஊர் சிறையில் பிணமாகக் கிடந்த இடம். வகுப்பில் இருந்த எல்லோரும் அந்த ரோட்டில் வந்தவர்கள்தான்.

குறைகளும் உண்டு. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது துப்பாக்கியை எப்படிப் பூட்டி வைப்பது என்கிற பகுதி சட்டப்படியே பாடத்திட்டத்தில் இருக்கிறது, அதை அவசரமாக ஓட்டிவிட்டார்கள். பெட்டகம் எந்த வகை, சாவியா எண் பூட்டா, தோட்டாவைத் தனியே வைப்பதா என்று பெற்றோர்கள் கேட்கக் கேட்க "கடையில் முன்பக்கம் இருக்கிறது, பாருங்கள்" என்ற பதில் வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. வகுப்பில் ஆட்கள் அதிகம், ஏசி சரியில்லை. தோட்டாவைக் கடையில் வாங்கினால் விலை கூடுதல், வெளியில் 9 எம்எம் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். இடைவேளையில் துப்பாக்கிக் காப்பீட்டுத் திட்டம் விற்க ஒருவர் வந்து அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார், அந்த நேரத்தை பெட்டகத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம், அந்த ஒரு குறை பெட்டகப் பாடத்துக்காக. சொந்தத் துப்பாக்கி கொண்டுபோகிறவர்கள் காலியாக, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், வகுப்பறைக்குள் தோட்டாவை விடமாட்டார்கள். முடிந்தால் கணவன் மனைவி இருவருமாகப் போங்கள். லைசென்ஸ் எடுக்காதவர் அந்தப் பிக்கப் பகுதிக்கு மட்டும் வந்து உட்காரலாம், அதற்குக் காசு வாங்குவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையை எங்கே வைக்க வேண்டும், எப்போது பேச வேண்டும், ஃபோனை எப்போது எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தனியாகச் சொல்லித் தருகிறார்.