ஒன்பது கால்களில் நிற்கும் குடில்: ஏற்காட்டில் இரண்டு இரவுகள்

முப்பத்திரண்டு வருடம் சேலத்தில் வீடு கட்டிக் கொடுத்தவன் நான். எந்த விடுதிக்குப் போனாலும் முதலில் குனிந்து அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கட்டிலைப் பார்ப்பேன். எங்கள் மணநாளுக்காக மகன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் இந்தக் குடிலைப் பதிவு செய்து கொடுத்தான். குறையும் சொல்லப் போவதால் இடத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். வாடகை இரவுக்கு 7,500 ரூபாய்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறித் தோட்டத்துக்குள் நுழைந்தபோது குடில் கண்ணில் படவே இல்லை. சில்வர் ஓக் மரங்களும் அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடிகளும்தான் தெரிந்தன. சாம்பல் நிறத் தகட்டுக் கூரையும் கறுத்த பலகைச் சுவரும் மரநிழலோடு கலந்துவிட்டிருந்தன.

பெட்டியை வைத்ததும் அடியில் புகுந்து பார்த்தேன். ஒன்பது இரும்புக் கால்கள். சரிவின் மேல்பக்கம் முழங்கால் உயரம், கீழ்ப்பக்கம் என் தலைக்கு மேலே ஒரு முழம். எங்கும் மண்ணை வெட்டிச் சமன் செய்யவில்லை. பாறையில் துளை போட்டுக் கம்பி இறக்கி, எபாக்சி என்னும் கெட்டிப் பசை ஊற்றி, அதன்மேல் காலை நிறுத்தி போல்ட்டு முடுக்கியிருக்கிறார்கள். ஏற்காட்டுப் பாறை சார்னோகைட். துளைக்கும் பிட் தேய்ந்துபோகுமே தவிர பாறை எளிதில் வழிவிடாது. அந்த வேலையைச் செய்தவர் யாரோ, பொறுமைசாலி.

நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? சரிவை வெட்டி, தடுப்புச் சுவர் எழுப்பி, மண் கொட்டி நிரவியிருப்பேன். அப்படி நான் மலையில் கட்டிய சுவர்களில் இரண்டு, பின்னால் தண்ணீர் தேங்கி வயிறு தள்ளி நின்றன. இங்கே மழைத் தண்ணீர் வீட்டுக்கு அடியில் பழைய வழியிலேயே போகிறது. காப்பிச் செடிகளின் வேரும் அறுபடவில்லை. முன்திண்ணைப் பலகையை ஊடுருவி ஒரு சில்வர் ஓக் மேலே போகிறது. மரம் பருக்கவும் காற்றில் ஆடவும் அதைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறார்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் எனக்குக் கட்டியவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

அறையில் இருந்த கையேடு, ஆஸ்திரேலியக் கட்டிடக் கலைஞர் கிளென் மர்கட்டைப் பின்பற்றியதாகச் சொல்கிறது. கட்டிடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசை 2002-இல் பெற்றவர். பூமியை லேசாகத் தொட வேண்டும் என்பவர். நல்லது. ஆனால் தினைப்புனத்தில் இதணம் என்னும் காவல் பரணை உயரத்தில் கட்டிக் கிளி ஓட்டியவர்கள் நம் குறிஞ்சி நிலத்தார். அதற்கும் கையேட்டில் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இனி குறைகள். நாங்கள் போனது நவம்பர் கடைசி. சுவருக்குள் குளிரைத் தடுக்க ராக்வுல் என்னும் கல்நார்ப் பஞ்சு போன்ற கல் இழைப் பஞ்சு வைத்தவர்கள் தரைப்பலகைக்கு அடியில் ஒன்றும் வைக்கவில்லை. காலூன்றி நிற்கும் வீட்டுக்கு அடியிலும் காற்று ஓடும் அல்லவா? நள்ளிரவில் தரை, தண்ணீர்த் தொட்டி போலக் குளிர்ந்தது. "ஏங்க, மண்தரை வீடே தேவலை" என்று என் மனைவி இரண்டு காலுறை போட்டுக்கொண்டாள். கூரை ஓரத்தில் தண்ணீர் வாங்கத் தகரமும் இல்லை. முதல் நாள் மாலை பெய்த மழை ஒரே கோடாகக் கீழே விழுந்து, கீழ்ப்பக்கக் கால்களை ஒட்டி ஓர் அடி ஆழத்துக்கு முன்பே பறித்திருந்த வாய்க்காலை இன்னும் கொஞ்சம் பறித்தது. கால் பாறையில் நிற்கிறது, விழாது. மண்தான் போகிறது.

இரண்டாம் நாள் காலை, காட்டைப் பார்த்த பெரிய கண்ணாடிக்குக் கீழே ஒரு மரகதப்புறா செத்துக் கிடந்தது. நம் மாநிலப் பறவை. கண்ணாடியில் தெரியும் மரங்களை நிஜ மரமென்று நம்பி வந்து மோதுகிறது. வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி ஒட்டினால் தடுக்கலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை. மேலாளரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

சாப்பாடு தோட்டத்துச் சமையலறையிலிருந்து வருகிறது. களியும் கீரையும் அருமை, தோசை வேண்டாம்.

என்னை உறுத்தியது சாலைதான். ஒன்பது இடத்தில் மட்டும் மண்ணைத் தொடும் வீட்டின் வாசல் வரை கார் வர வேண்டுமென்று, ஜேசிபியால் சரிவை வெட்டிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மழையன்று அந்த வெட்டிலிருந்துதான் செம்மண் கரைந்து ஓடியது. "பெட்டியோடு யார் சார் நடப்பார்கள்?" என்றார் மேலாளர்.

கிளம்பும்போது பெட்டியை நானே தூக்கிக்கொண்டு, காப்பி மூட்டை சுமந்த பழைய ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். கேட்டுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. மனைவிக்கு முட்டி வலி. அவள் காரில் வந்தாள்.