ரிசார்ட் சாப்பாடு: ஆறு வருட பில்களைப் புரட்டியபோது

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. பில்லைக் கசக்கிப் போட மனசு வராது. 2019 மே மாதத்திலிருந்து குடும்பத்தோடு போன ஒன்பது பயணங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றின் சாப்பாட்டு பில்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில் கிடக்கின்றன (நடுவில் கொரோனா வந்து இரண்டு வருடம் அந்தக் கவரைத் திறக்கவே இல்லை). கொடைக்கானல் நான்கு தடவை, மூணாறு ஒரு தடவை, தேக்கடி ஒரு தடவை, தண்ணீரில் ஆடுகிற தீம் பார்க் மூன்று தடவை. போன வாரம் அடுத்த பயணத்துக்கு ரூம் தேடும்போது எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இடங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சமையல்காரர் மாறினால் சாப்பாடும் மாறிவிடும், இரண்டு வருடத்துக்கு முந்தின குறையை இப்போது இருப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

யார் யார் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. நான், வீட்டுக்காரர், மகன், மகள், அத்தை. மகன் இப்போது எட்டாம் வகுப்பு, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான். மகள் எந்த ஊருக்குப் போனாலும் தயிர்சாதம். அத்தைக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டால் ராத்திரி ஏழரைக்குள் சாப்பிட்டாக வேண்டும். வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டில் காரம் இல்லையென்றால் ஊரே பிடிக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரூம் போடும்போது காலைச் சாப்பாட்டை மட்டும் சேர்த்துப் போடுங்கள். ரிசார்ட்காரர்கள் இதை சி.பி. என்பார்கள். காலையும் ராத்திரியும் சேர்ந்தது எம்.ஏ.பி., மூன்று வேளையும் சேர்ந்தது ஏ.பி., வெறும் ரூம் மட்டும் என்றால் இ.பி. முதல் தடவை எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. 'மூணு வேளையும் வந்துரும் மேடம், நீங்க அலையவே வேணாம்' என்று போனில் சொன்னார்கள், சந்தோஷமாகப் பணத்தைக் கட்டிவிட்டோம். மூன்று நாளில் இரண்டு நாள் மதியம் நாங்கள் ரிசார்ட்டிலேயே இல்லை. படகுத் துறையில் நின்றுகொண்டு சோளத்தைக் கடித்தோம், அங்கே ஐந்து பேர் சாப்பாடு எங்கள் கணக்கில் ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடாத வேளைக்குப் பணம் திரும்பாது என்று பின்னால் சொன்னார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் ஓட்டுப் போடுகிறேன் என்றால், ரிசார்ட்டில் சுடச்சுடக் கிடைக்கிற வேளை அது ஒன்றுதான். தங்கியிருக்கிற அத்தனை பேரும் எட்டிலிருந்து பத்து மணிக்குள் வந்துவிடுவார்கள். இட்லித் தட்டு காலியாகக் காலியாக அடுத்த ஈடு வரும். தோசைக்கல் கண் முன்னால் இருக்கும், ஆம்லெட்டை நமக்கு வேண்டியபடி போட்டுத் தருவார்கள். மதியம் அப்படி இல்லை. முக்கால்வாசிப் பேர் ஊர் சுற்றப் போயிருப்பார்கள். பன்னிரண்டரைக்குப் பாத்திரத்தில் கொட்டிய சாம்பார், அடியில் வெந்நீர் சூடு பட்டுக்கொண்டே மூன்று மணி வரை இருக்கும். ஒரு மணிக்கு அது சாம்பார், இரண்டரைக்குக் கூட்டு. பனீர் ரப்பராகிவிடும். ஆகவே காலையில் எட்டரைக்குப் போய் நிதானமாக, கொஞ்சம் கூடவே, சாப்பிட்டுவிடுவோம். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனால் அடிப்பிடித்த பொங்கலும் உடைந்த வடையும்தான் மிஞ்சும், அதையும் அனுபவித்தாயிற்று.

ராத்திரி பஃபேயைப் பற்றி ஒரே ஒரு பில்லைச் சொல்கிறேன். 2023 மே, கொடைக்கானல். பெரியவருக்கு 750, பிள்ளைகளுக்கு 450. மூன்று பெரியவர், இரண்டு பிள்ளைகள், மொத்தம் 3,150. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 567. ஆக 3,717 ரூபாய். அத்தை சாப்பிட்டது இரண்டு புல்கா, ஒரு கிண்ணம் தயிர். அத்தையின் பங்கு வரியோடு 885 ரூபாய். நான் சொல்லவே இல்லை, வீட்டுக்காரர் உளறிவிட்டார். 'ஏத்தா, அந்தக் காசுக்கு நம்ம வீட்டுல ஒரு வாரத்துக்குப் பாலும் தயிரும் வாங்கலாமே' என்று அத்தை மதுரை வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

அந்த 18 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கே குழப்பம், கடைக்கு வந்து ஆடிட்டரிடம் கேட்டுத்தான் தெளிந்தேன். தெருவில் தனியாக இருக்கிற சாப்பாட்டுக் கடையில் 5 சதவீதம்தான். ஆனால் நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற ரூம் உள்ள ஹோட்டல் என்றால், அதற்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18 சதவீதம் விழும். நாம் தங்கியிருப்பது அங்கேயே குறைந்த வாடகை ரூம் என்றாலும் சரி, வெளியிலிருந்து வந்து ஒரு காபி குடித்தாலும் சரி. ஆகவே ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாசலைத் தாண்டி நூறடி நடந்தால் வரியிலேயே 13 சதவீதம் குறைகிறது.

சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். அது வரியே கிடையாது. தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை போட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. நான் மூன்று இடத்தில் எடுக்கச் சொன்னேன். இரண்டு இடத்தில் மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். மூன்றாவது இடத்தில் மேனேஜர் வந்து, அவருக்கு மேலே ஒருவர் வந்து, கடைசியில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைப் போனில் அழுத்திக் காட்டியதும் எடுத்தார்கள். பரிமாறின பையனுக்குத் தனியாகக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன், பாவம் அவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்.

தண்ணீர் பாட்டில் சண்டை மட்டும் போடாதீர்கள். வீட்டுக்காரர் ஒருமுறை எம்.ஆர்.பி. 20, நீ எப்படி 60 வாங்கலாம் என்று குதித்தார். உட்கார வைத்துப் பரிமாறுகிற ஹோட்டல்கள் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை என்பதால் இப்போது ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். ரிசார்ட்டில் வடிகட்டின தண்ணீர்க் குழாய் எங்கே என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்கிறோம்.

தீம் பார்க் கதை முழுக்க வேறு. அங்கே ருசியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை, மூன்று மணி நேரம் தண்ணீரில் ஆடிவிட்டு வந்த பிள்ளை கல்லைக் கொடுத்தாலும் கடிக்கும். அங்கே பிரச்சினை வரிசைதான். ஒரு மணிக்குப் போனால் நனைந்த நைலான் உடையோடு, சொட்டச் சொட்ட, முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், பிள்ளைகள் குளிரில் நடுங்கும், சாப்பாடு கைக்கு வரும்போது உட்கார நாற்காலி இருக்காது. இரண்டாவது தடவையிலிருந்து பதினொன்றே முக்காலுக்கே தட்டை எடுத்துவிடுகிறோம். எல்லோரும் சாப்பிட வருகிற நேரத்தில் சறுக்குகளில் வரிசை குறைந்திருக்கும், அதிலும் லாபம். சாப்பிட்டவுடன் தலைகீழாகச் சுற்றுகிற எதிலும் ஏற்றாதீர்கள் என்பதை மகனின் சட்டையைத் துவைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வெளிச் சாப்பாடு உள்ளே அனுமதி இல்லை, பையைத் திறந்து பார்ப்பார்கள். கைக்குழந்தைக்கு உள்ளதை விட்டுவிடுவார்கள். ஒரு பார்க்கில் கையில் சீல் வைத்து வெளியே போய்வர விட்டார்கள். அன்றைக்கு வண்டி நிறுத்துகிற இடத்தில் வேப்பமரத்தடியில் ஜமுக்காளத்தை விரித்து, தூக்குவாளியைத் திறந்து, அத்தை கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்து வண்டிக்காரக் குடும்பம் எங்களுக்கு எலுமிச்சைச் சாதம் கொடுத்தது, நாங்கள் அவர்களுக்கு வறுவல் கொடுத்தோம். அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் கவரில் பில் இல்லை. இப்போது டிக்கெட் எடுக்கும் முன் முதல் கேள்வியே, வெளியே போய்விட்டு வரலாமா என்பதுதான்.

ருசிக்கு வருகிறேன். கொடைக்கானலில் சாப்பிட்ட பனீரும் தேக்கடியில் சாப்பிட்ட பனீரும் ஒரே பனீர்தான். குஜராத்திலிருந்து வந்த கூட்டமும் கேரளக் குடும்பமும் மதுரைக்காரர்களும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கும்போது, யாருக்கும் உறைக்காமல் யாருக்கும் புளிக்காமல் சமைத்துவிடுகிறார்கள். கடைசியில் யாருக்கும் பிடிக்காமல் போகிறது. இட்லிக்கு நாலு சட்னி கேட்கிற ஊரிலிருந்து போகிறோம், ராத்திரி பதினொரு மணிக்கும் ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊர் வேறு. ரிசார்ட்டில் ஒன்பதரைக்கு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அத்தைக்கு ஏழரைக்குச் சாப்பாடு வேண்டும் என்றால், எட்டு மணிக்குத்தான் பஃபே திறக்கும் என்கிறார்கள்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான் இல்லை, அத்தைதான். 2024 அக்டோபர், மறுபடி கொடைக்கானல். கூட்டம் குறைவு, ஆள் கம்மி என்பதால் பஃபே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தை நேராக அடுப்படி வாசலுக்குப் போய், 'தம்பி, நீங்கள்லாம் ராத்திரிக்கு என்னய்யா சாப்பிடுவீங்க?' என்று கேட்டார்கள். நான் கூச்சத்தில் ரூமுக்குள் போய்விட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். சமையல்காரர் உசிலம்பட்டிப் பக்கம். மறுநாள் காலையில் அத்தை சந்தையிலிருந்து கால் கிலோ மலைப்பூண்டு வாங்கிக் கொடுத்தார்கள். புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, அந்த ஊர் மண்ணில் விளைகிறது, ஆனால் அந்த ரிசார்ட்டின் மெனுவில் எங்கே தேடினாலும் இல்லை. அன்று ராத்திரி ஏழே காலுக்குப் பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம், ரசம், அத்தைக்குக் கொஞ்சமாகச் சோறு. வீட்டுக்காரர் நான்கு தடவை சோறு வாங்கினார். ஐந்து பேருக்கும் சேர்த்து 900 ரூபாய் போட்டார்கள்.

அதற்கப்புறம் போன மூணாற்றிலும் இதையே செய்தோம். காலையில் தோசைக்கல் பக்கம் நிற்பவரிடம் ராத்திரிக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ரிசப்ஷனில் சொன்னால் மெனு கார்டை நீட்டுவார்கள். ரொம்பப் பெரிய ரிசார்ட்டில் இது நடக்காது, முப்பது நாற்பது ரூம் உள்ள இடம் என்றால் பெரும்பாலும் நடக்கும்.

இன்னும் தீராதது சாயங்கால நாலரை மணிப் பசி. மதியச் சாப்பாடு முடிந்து ராத்திரிச் சாப்பாடு திறக்காத அந்த நேரத்தில் பிள்ளைகள் கத்த ஆரம்பிப்பார்கள், ரூமுக்கு வரவழைத்தால் ஒரு தட்டு பஜ்ஜி 280 ரூபாய். வீட்டிலிருந்து முறுக்கு டப்பா கொண்டுபோனேன். பால்கனியில் வைத்துவிட்டு டீ போடத் திரும்பினேன், குரங்கு டப்பாவோடு தூக்கிக்கொண்டு போய்விட்டது. எதிர்க் கூரையில் உட்கார்ந்து மூடியைத் திருகித் திறந்தது, மகள் கைதட்டினாள்.