உறைந்த ஏரிக்கு பேன்ஷியா, பிளாஸ்டரா?

பேன்ஷி, பிளாஸ்டர் இரண்டும் யமஹாவின் நாலு சக்கர ஏ.டி.வி. வண்டிகள். மூன்று குளிர்காலம் பேன்ஷி வைத்திருந்தேன். அதை விற்றுவிட்டு பிளாஸ்டர் வாங்கி இப்போது நான்காவது குளிர்காலம். டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி உறைந்ததும், மீன்பிடிக் குடிசைகளுக்குத் தள்ளி யாராவது பனியை வழித்து ஒரு நீள்வட்டத் தடம் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை காலை என் இடம் அதுதான். வேகமான வண்டியை விற்று மெதுவான வண்டியை ஏன் வாங்கினாய் என்று கேட்காத ஆளில்லை. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். என் சாய்வு பிளாஸ்டர் பக்கம்.

இரண்டும் யமஹா, இரண்டும் டூ-ஸ்ட்ரோக், இரண்டையும் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். பேன்ஷி 1987 மாடலாக வந்தது: 347 சிசி, இரட்டை சிலிண்டர், தண்ணீர்க் குளிர்ச்சி, ஆறு கியர். நம் ஊரில் ராஜ்தூத் 350 என்று ஓடிய ஆர்.டி. வண்டியின் வம்சம்தான் அதன் எஞ்சின். அந்தச் சத்தத்துக்காகவே நான் அதை வாங்கினேன். பிளாஸ்டர் அடுத்த வருடம் வந்தது: 195 சிசி, ஒற்றை சிலிண்டர், காற்றுக் குளிர்ச்சி. அமெரிக்காவில் 2006-உடன் இரண்டின் விற்பனையும் முடிந்தது. ஆகவே இன்று எதை வாங்கினாலும் பழைய வண்டிதான், பழைய ரப்பர்தான். இந்த ரப்பர் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், முடிவைத் தீர்மானித்ததே அதுதான்.

வேகத்தில் போட்டியே இல்லை. பேன்ஷியின் சக்தி கிட்டத்தட்ட இரு மடங்கு. வெறும் டயரில் பனிக்கட்டி மேல் அந்தச் சக்தி வீண். ஆனால் டயர் முழுக்கப் பந்தயத் திருகாணி அடித்துவிட்டால் பிடிப்பு தார்ச்சாலையைப் போல ஆகிவிடும். அப்போது நேர்த்தடத்தில் பேன்ஷி பிளாஸ்டரை விட்டுவிட்டுப் போய்விடும். வளைவில் நிலைமை மாறுகிறது. பிளாஸ்டர் சுமார் 147 கிலோ, பேன்ஷி 175 கிலோ. சின்னத் தடத்தில் இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஓடும்போது அந்த 28 கிலோ தோளில் தெரியும். மறுவிற்பனையிலும் பேன்ஷிதான் மேல். நான் விற்றபோது கேட்ட விலைக்கே போனது, பிளாஸ்டருக்கு அந்த மவுசு கிடையாது.

டயர், திருகாணி வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். திருகாணி உள்ளே குத்தாமலிருக்கப் பழைய டயரை வெட்டி உறையாகப் போட வேண்டும். பின் டயரில் திருகாணித் தலையின் கூர்விளிம்பு உருளும் திசைக்குக் குறுக்கே நிற்க வேண்டும், முன் டயரில் திசையோடு நிற்க வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கில் ஸ்விட்ச் (ஆள் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும்), பின் சக்கரத்துக்கு முழு மூடி இரண்டும் கட்டாயம். திருகாணி டயர் ஒருவர் காலில் ஏறினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

குளிருக்கு வருவோம். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 20-க்கு இறங்கும்போது காற்றின் அடர்த்தி சுமார் 16 சதவீதம் கூடுகிறது. கார்புரேட்டர் அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டித் தருவதில்லை, பாதி தூரம்தான் கூட வரும். மீதி ஏழெட்டு சதவீதத்தை நாம் ஜெட்டில், அதாவது பெட்ரோல் பாயும் துளைத் திருகில், கொடுக்க வேண்டும். எண் கூடினால் பெட்ரோலும் கூடும். கோடையில் 200 மெயின் ஜெட்டில் சரியாக ஓடிய வண்டிக்கு 210 அல்லது 220. நான் எப்போதும் பெரியதில் தொடங்கிப் பிளக்கின் நிறத்தைப் பார்த்து இறங்குவேன். காலைக் குளிருக்குப் போட்ட ஜெட் மதியம் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும், புகையும். பரவாயில்லை, அதனால் பிஸ்டன் போகாது. இந்த வேலை பிளாஸ்டரில் ஒரு கார்புரேட்டருக்கு. பேன்ஷியில் இரண்டு, அப்புறம் காற்றுப்பாதையைத் திறக்கும் இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் தூக்குகிறதா என்று பார்க்கும் வேலை வேறு. கையுறையைக் கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும் இடத்தில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

சூடேற்றுவதிலும் இரண்டும் வேறு வேறு. அலுமினியப் பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் இரும்பு ஸ்லீவைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். குளிர்ந்த எஞ்சினை முறுக்கினால் பிஸ்டன் முதலில் பருத்து ஸ்லீவில் நாலு மூலையிலும் உரசிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் பேன்ஷியில் கிடையாது. தண்ணீர் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். அட்டையை வைத்து ரேடியேட்டரின் பாதிக்கு மேல் மறைத்தால்தான் சூடு நிற்கும், கூடவே ஒரு வெப்பமானியும் தேவை. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் சுமார் மைனஸ் 35 வரை உறையாது. கோடையில் வெறும் தண்ணீர் ஊற்றி மறந்துவிட்டால் டிசம்பரில் சிலிண்டர் வெடித்துக் கிடக்கும். பிளாஸ்டரில் இந்த வேலை எதுவும் இல்லை. நாலு நிமிடம் ஓடவிட்டு, சிலிண்டர் அடியில் கை வைத்துப் பார்த்து, முதல் சுற்றைப் பாதித் திராட்டிலில் ஓட்டினால் போதும்.

ஆனால் காற்றுக் குளிர்ச்சிக்கும் ஒரு சங்கடம் உண்டு. நேர்த்தடம் முடிந்து திராட்டிலை மூடி வளைவுக்குள் போகும்போது சிலிண்டர் சட்டென்று குளிர்கிறது. மைனஸ் 25-க்குக் கீழே நான் பந்தய வேகத்தில் ஓட்டியதில்லை. அந்தக் குளிரில் தண்ணீர் எஞ்சினே நிதானமாக இருக்கலாம்.

எண்ணெயிலும் பிளாஸ்டருக்கு முழு மதிப்பெண் தர மாட்டேன். ஆர்எக்ஸ் 100-ல் இருந்த மாதிரியே தனி எண்ணெய்த் தொட்டியும் பம்பும் இதிலும் உண்டு. சாதாரண 2டி (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெய் கடுங்குளிரில் தேன் மாதிரி இறுகும், பம்ப் இழுக்கத் திணறும். நான் பம்பை எடுத்துவிட்டு 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லி வீதம் கலந்து ஊற்றுகிறேன். எண்ணெயை வீட்டுக்குள் வைத்துச் சூடு மாறாமல் கலக்க வேண்டும், இல்லையென்றால் கேனின் அடியில் தங்கிவிடும். பம்பை வைத்துக்கொண்டே ஸ்னோமொபைல் எண்ணெய் ஊற்றி ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் வண்டிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. திராட்டிலை மூடியிருக்கும்போதும் பம்ப் கொஞ்சம் எண்ணெய் தரும், கலவையில் அது கிடைக்காது. அந்த வகையில் அவர் செய்வதே சரியாக இருக்கலாம்.

சரி, ரப்பர். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் கிராங்க் அறையும் மூச்சுப்பாதை. அதில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் காற்று கூடுதலாக நுழையும், பெட்ரோல் விகிதம் குறையும், பிஸ்டன் தீயும். கடுங்குளிர் பழைய ரப்பரை விறைக்க வைத்து இந்த ஓட்டைகளைத் திறந்துவிடுகிறது. வீட்டுக் கராஜில் இறுக்கமாக இருந்த வண்டி ஏரியில் கசியும். கிராங்கின் இரு முனை சீல்கள் இரண்டு வண்டிக்கும் பொது. பேன்ஷியில் அதோடு இரண்டு இன்டேக் பூட் (கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர்), இரண்டு ரீட் பெட்டி (காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு), சிலிண்டருக்கு அடியில் இரண்டு கேஸ்கெட் இருக்கின்றன. இரண்டு இன்டேக் பூட்களையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாயும் உண்டு. என்னைக் கவிழ்த்தது அந்தக் குழாய்தான்.

மூன்றாவது பிப்ரவரியில், மூன்றாவது சுற்றில், நேர்த்தடத்தின் கடைசியில் பின்சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்தேன், வண்டி சுழன்று பனிமேட்டில் நின்றது. பிரித்துப் பார்த்தால் இடப்பக்கப் பிஸ்டன் ஸ்லீவில் ஒட்டிக்கிடந்தது, இணைப்புக் குழாயில் மயிரிழை விரிசல். எனக்கு உறைத்தது விரிசல் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு சுற்றிலும் எனக்கு எதுவுமே கேட்கவில்லை என்பதுதான். ஒரு சிலிண்டர் காய்ந்துகொண்டிருக்கும்போது மற்றது நன்றாக இழுக்கிறது, சத்தம் சத்தமாகவே இருக்கிறது. காது ஏமாந்துபோகிறது. ஒற்றை சிலிண்டரில் கசிவு வந்தால் திராட்டிலை விட்ட பிறகும் எஞ்சினின் சுழற்சி ஐடிலுக்கு இறங்காமல் மேலே தொங்கும். ஹெல்மெட்டுக்குள்ளேயே தெரிந்துவிடும், அந்தச் சுற்றிலேயே ஓரம் கட்டிவிடலாம். போன ஜனவரியில் பிளாஸ்டரில் இன்டேக் பூட் கசிந்தபோது அப்படித்தான் தப்பினேன். செலவு ஒரு பூட்டோடு முடிந்தது.

பேன்ஷியில் ஒரு பக்கம் போனால் வேலை இரு பக்கமும். இரண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்குக் குடைந்து இரண்டு பிஸ்டன் போட வேண்டும்.

எந்த வண்டியானாலும் பருவம் தொடங்கும் முன் அழுத்தச் சோதனை செய்யாமல் ஏரிக்குப் போகாதீர்கள். இன்டேக்கையும், சைலன்சரைக் கழற்றி எஞ்சினின் புகை வாயையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றினால், முள் 6 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். முடிந்தால் வண்டியை ஓர் இரவு வெளியே குளிரில் நிறுத்திவிட்டு, அதே குளிரில் சோதியுங்கள். நான் அந்த வருடம் சூடான கராஜில் சோதித்துவிட்டுத்தான் போனேன்.

பெரிய தடம், நீண்ட நேர்கோடு, சூடான கராஜ், உதவிக்கு ஒரு ஆள் எல்லாம் உள்ளவர் பேன்ஷியையே எடுக்கலாம். அதில் வரும் ஆனந்தம் பிளாஸ்டரில் வராது. எனக்குத் தனியாகப் போய், தனியாகக் கிளப்பி, தனியாகத் திரும்பும் வண்டி வேண்டும். பிளாஸ்டர் வாங்குபவர்கள், அதில் முன் டிரம் பிரேக் இருந்தால் அதை மட்டும் கவனியுங்கள். உள்ளே போன பனி உருகி, நிறுத்திய பத்து நிமிடத்தில் உறைந்து பிடித்துக்கொள்ளும். நிறுத்துவதற்கு முன் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி ஐம்பது அடி ஓட்டி ஈரத்தைக் காயவிடுங்கள். வண்டியை இறக்குவதற்கு முன் துளை போட்டு அளந்துவிடுங்கள்: ஸ்னோமொபைலுக்குக் கனடாவில் சொல்லும் 25 செ.மீ. தெளிந்த நீலப் பனிக்கட்டிதான் எனக்கும் கணக்கு. வெள்ளையாக இருந்தால் அதன் வலு பாதிதான், அன்று வண்டி டிரெய்லரிலேயே இருக்கட்டும்.