ரோலண்ட் டிடி-17, ஒரு லேப்டாப்: சில வருட ரெக்கார்டிங் அனுபவம்

டிடி-17 மாட்யூலை (ரோலண்ட் எலக்ட்ரானிக் டிரம்ஸில் பேடின் அடியைச் சத்தமாக மாற்றும் பெட்டி) லேப்டாப்பில் இணைத்து ரெக்கார்டிங் செய்ய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கியவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான்: வாசிக்கும்போது மாட்யூலின் சத்தத்தைக் கேளுங்கள், கம்ப்யூட்டரில் மிடியைப் (சத்தத்தை அல்ல, எந்தப் பேடை எவ்வளவு ஓங்கி அடித்தோம் என்ற தகவலை) பதிவு செய்யுங்கள்.

காரணம் லேட்டன்சி, அதாவது அடிக்கும் சத்தத்துக்கும் இடையிலான தாமதம். பேடில் குச்சி பட்டதும் மாட்யூல் சத்தம் உடனே காதுக்கு வந்துவிடும். அதே அடி யூஎஸ்பி வழியாகப் போய் சாஃப்ட்வேரில் சத்தமாகித் திரும்பி வர நேரம் பிடிக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்து அனுப்பும் ஆடியோவின் அளவு) என்றால் அதற்கு மட்டுமே கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட். 512 வைத்தால் 11.6. வேகமான ஹை-ஹாட் ஓடும்போது அந்த இடைவெளியை ஈடுகட்டக் கை தானாக முந்த ஆரம்பிக்கும். தாளம் கெடுவது அங்கேதான்.

இணைக்க பிரிண்டருக்குப் போடுகிற அதே யூஎஸ்பி கேபிள் போதும். விண்டோஸில் ரோலண்டின் டிரைவரை நிறுவினால் ஆடியோ, மிடி இரண்டும் ஒரே கேபிளில் வரும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ஏசியோ டிவைஸாக (தாமதம் குறைவாக ஆடியோ போய்வரும் கருவியாக) மாட்யூலையே தேர்வு செய்கிறேன். பாட்டும் தாளத்துக்கான கிளிக் சத்தமும் மாட்யூலின் ஹெட்போனிலேயே கேட்கின்றன.

பாடகருக்கு மைக் வைக்க வேண்டியிருந்தால் நிலைமை மாறும். ரீப்பர் ஒரு நேரத்தில் ஒரு ஏசியோ டிவைஸைத்தான் எடுக்கும். மைக்குக்காக ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் பெட்டியை) தேர்வு செய்துவிட்டால் மாட்யூலின் யூஎஸ்பி ஆடியோ வராது, மிடி மட்டும் வரும். அப்போது இன்டர்ஃபேஸின் ஹெட்போன் அவுட்டிலிருந்து மாட்யூலின் மிக்ஸ் இன்னுக்கு (வெளிச் சத்தத்தை உள்ளே எடுக்கும் துளைக்கு) ஒரு வயர் போட்டுவிடுகிறேன். பாட்டு பழையபடி காதுக்கு வந்துவிடும்.

மிடியை இவ்வளவு வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிடி-17 யூஎஸ்பியில் தரும் ஆடியோ ஸ்டீரியோ மட்டுமே. கிக்கின் சத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டவோ ஸ்னேருக்கு மட்டும் ரிவர்ப் போடவோ அதில் வழியில்லை. தனித்தனி ட்ராக் ஆடியோவாகவே வேண்டுமென்றால் டிடி-27 பார்க்க வேண்டும், விலையும் கூடும். மிடியில் கிக் 36, ஸ்னேர் 38, ரிம் 40 என்று ஒவ்வொன்றும் தனி நோட்டு. பாட்டின் போக்கு மாறிவிட்டதா, வாசித்ததைத் தொடாமல் ஸ்னேரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சிரமம் ஹை-ஹாட்டில்தான். பெடல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது நோட்டில் மட்டும் இல்லை, கண்ட்ரோலர் 4 என்ற எண்ணாகவும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். டிரம் சாஃப்ட்வேரில் உங்கள் மாட்யூலுக்கான மேப்பை (எந்த எண்ணுக்கு எந்தச் சத்தம் என்ற பட்டியலை) தேர்வு செய்யாவிட்டால் பாதி திறந்த ஹை-ஹாட் முழுசாகத் திறந்தது போல இரையும். வெலாசிட்டியையும், அதாவது அடியின் வேகத்தைக் காட்டும் எண்ணையும் (அதிகபட்சம் 127) கவனியுங்கள். ஓங்கி அடித்த எல்லா அடியும் 127-லேயே போய் நின்றால் எந்திரம் வாசித்தது போல இருக்கும். மாட்யூலில் பேடின் சென்சிட்டிவிட்டியைச் சற்றே குறைத்தால் அடிக்கு அடி வித்தியாசம் திரும்ப வரும். ஸ்னேரில் மெதுவாகத் தட்டும் கோஸ்ட் நோட்டுகள் விடுபடுகின்றனவா என்றும் உடனே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சென்சிட்டிவிட்டி குறையும்போது முதலில் காணாமல் போவது அவைதான்.

ஸ்டீரியோ ஆடியோவையும் கூடவே ஒரு ட்ராக்கில் பதிவு செய்து வைக்கிறேன். சாஃப்ட்வேர் கிட் எங்காவது பிசகினால், வாசித்தபோது காதில் கேட்டது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.