மறந்து வைத்த பையும் புளூடூத் டிராக்கரும்: ஒரு மதிப்புரை

பொருளோடு சேர்த்து வைத்தால் அதன் இருப்பிடத்தைப் போனில் காட்டும் சிறு கருவிகளான புளூடூத் டிராக்கர்களைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பெட்டி வந்து சேராமல் போவதைப் பற்றியே பேசுகின்றன. இந்த மதிப்புரை அதைப் பற்றியது அன்று. இருக்கையின் முன்பையில் விட்ட கண்ணாடிக் கூடு, டாக்சியின் பின்னிருக்கையில் தங்கிவிட்ட கைப்பை, விடுதி அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும் கோட்டு, பாதுகாப்புச் சோதனைத் தட்டில் எடுக்க மறந்த டேப்லெட் என, நாமே வைத்துவிட்டு நாமே விட்டுச் செல்லும் பொருள்களை மீட்க இந்தக் கருவி எந்த அளவுக்கு உதவுகிறது என்பதே இங்கே கேள்வி.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒப்படைத்த பெட்டிக்கு விமான நிறுவனம் பொறுப்பேற்கிறது. பெட்டி வராவிட்டால் ஒரு குறிப்பெண் தருவார்கள், வேர்ல்டுடிரேசர் என்னும் பெட்டித் தேடல் கணினி அமைப்பில் தேடுவார்கள், 21 நாட்களுக்குள் வந்து சேராவிட்டால் அது தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கோரும் உரிமையை 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் பயணிக்கு அளிக்கிறது. நாம் கையில் கொண்டுசெல்லும் பொருளின் நிலை வேறு. அதே ஒப்பந்தத்தின்படி, கைப்பொருளுக்கு நேரும் இழப்பு நிறுவனத்தின் தவறால் ஏற்பட்டால் மட்டுமே அது பொறுப்பாகும். மறந்து விட்டுச்சென்ற பொருளைத் தேட வேண்டிய கடமை பெரும்பாலும் எவருக்கும் இல்லை. நாம் கேட்கும்வரை யாரும் தேடத் தொடங்குவதில்லை. எங்கே விட்டோம் என்பதே பல சமயங்களில் நமக்கு உறுதியாகத் தெரியாததால், யாரிடம் கேட்பது என்பதும் தெரிவதில்லை. டிராக்கர் வாங்குவதற்கு நியாயமான காரணம் இருக்குமானால், அது இந்த இடைவெளியை நிரப்புவதாகத்தான் இருக்க வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் நிறுவனம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட ஏர்டேக், 31.9 மில்லிமீட்டர் விட்டமும் 8 மில்லிமீட்டர் தடிமனும் 11 கிராம் எடையும் கொண்ட ஒரு வட்டவில்லை. அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது என்பதைப் பலர் அறிவதில்லை. அது புளூடூத் வழியாக ஒரு மெல்லிய அடையாளக் குறியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அருகில் கடந்து செல்லும் யாரோ ஒருவருடைய ஐபோன் அதைக் கேட்டு, தன் இருப்பிடத்தை மறைகுறியாக்கி அனுப்பும். உரிமையாளரின் வரைபடத்தில் ஒரு புள்ளி தோன்றும். சாம்சங்கின் ஸ்மார்ட்டேக், டைல், கூகுளின் ஃபைண்ட் ஹப் வலையமைப்பில் இயங்கும் சிப்போலோ, பெபிள்பீ போன்றவை அனைத்துக்கும் அடிப்படை இதுவே. ஆகவே டிராக்கரின் திறன் அதன் விலையில் இல்லை, மறந்த பொருளின் அருகே எத்தனை பேருடைய போன்கள் கடந்து செல்கின்றன என்பதில் இருக்கிறது.

இக்கருவி செய்யும் வேலைகளில் மிகப் பயனுள்ளது வரைபடம்தான் என்று எண்ணுகிறவர்கள் அதை முழுமையாகப் பயன்படுத்தவில்லை என்றே சொல்வேன். பொருளை விட்டுவிட்டு நகர்ந்த உடனேயே போனில் வரும் 'விட்டுச்சென்றீர்கள்' என்னும் எச்சரிக்கையே இதன் உயிர்நாடி. ஆப்பிள் இவ்வசதியை 2021-இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 பதிப்பில் சேர்த்தது. மறந்த பொருளை மீட்பதில் முதல் சில நிமிடங்களுக்கு உள்ள மதிப்பு பின்னர் எத்தனை நாட்கள் அலைந்தாலும் கிடைக்காது. உணவக மேசையில் விட்ட பை, நாம் தெருமுனையைத் தாண்டும் முன் அங்கேயே இருக்கும்; ஒரு மணி நேரம் கழித்து அது ஒரு பணியாளரின் கைக்கோ, மேலாளரின் அறைக்கோ, வேறொருவரின் வீட்டுக்கோ போயிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை நமக்கு மிச்சப்படுத்துவதால்தான் இந்த எச்சரிக்கையை வரைபடத்தைவிட மேலாக மதிக்கிறேன்.

அதற்கும் எல்லைகள் உண்டு. போனுக்கும் டிராக்கருக்கும் இடையே தொடர்பு அறுந்து, நாம் அவ்விடத்தைவிட்டு விலகிவிட்டோம் என்று போன் முடிவுசெய்த பிறகே எச்சரிக்கை வருகிறது; அதற்குள் ரயில் புறப்பட்டுவிடலாம், டாக்சி அடுத்த பயணியை ஏற்றிக்கொண்டிருக்கலாம். விமானத்திலிருந்து இறங்கும்போது புளூடூத் அணைந்த நிலையில் போன் இருந்தால் எச்சரிக்கையை எதிர்பார்க்கவே முடியாது. ஆகவே சக்கரம் தரையைத் தொட்டதும் செல்பேசி இணைப்போடு புளூடூத்தையும் இயக்கிவிடுவது நல்லது. விடுதி அறையில் பெட்டியை வேண்டுமென்றே வைத்துவிட்டு வெளியே போகும்போதும் இந்த எச்சரிக்கை வருவதால் சிலர் எரிச்சலடைந்து அதை மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யத் தேவையில்லை. குறிப்பிட்ட இடங்களுக்கு மட்டும் விலக்கு அளிக்க அமைப்பிலேயே வழி இருக்கிறது. அறையைக் காலிசெய்யும் நாளில் அந்த விலக்கை நீக்கிவிட வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் பொருள்கள் அதிகமாகத் தங்கிவிடுவது அன்றைக்குத்தான்.

வரைபடத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு வருகிறேன். புள்ளியைவிட அதன் கீழே உள்ள நேரம் முக்கியம். என்னுடன் பயணம் செய்த அத்தை ஒருமுறை நெடுந்தூரப் பேருந்தின் மேல்தட்டிலேயே கேமரா பையை விட்டுவிட்டு இறங்கிவிட்டார். டிராக்கர் காட்டிய புள்ளி நாங்கள் இறங்கிய நிறுத்தத்திலேயே நின்றிருந்ததால், பையை யாரோ அங்கே இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பி, நிறுத்தத்தைச் சுற்றித் தேடத் தொடங்கினார். உண்மையில் அது கடைசியாக ஒரு போன் அக்குறியைக் கேட்ட இடம் மட்டுமே. பேருந்து போய்விட்டது, புள்ளி போகவில்லை. சற்று நேரத்தில் புள்ளி பணிமனைக்குத் தாவியது. அதன் பிறகு பல நிமிடங்கள் அசையாமல் இருந்ததும், நேரம் மட்டும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே வந்ததும் கண்டுதான், பை வண்டியிலேயே இருக்கிறது, வண்டி நின்றுவிட்டது என்று முடிவுசெய்ய முடிந்தது. அந்த முடிவின் பேரில் பணிமனையை அழைத்தோம். ஓட்டுநர் வீட்டுக்குப் புறப்படும் முன் பை கிடைத்தது. அசையும் வாகனத்தில் விட்ட பொருளுக்குப் புள்ளியைத் துரத்தக் கூடாது, அது ஓய்ந்து நிற்கும் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை இக்கருவியுடன் வரும் எந்தக் கையேடும் போதிய அழுத்தத்துடன் சொல்வதில்லை. பல மாடிக் கட்டடங்களில் எந்தத் தளம் என்பதையும் வரைபடம் காட்டாது. அல்ட்ரா வைட்பேண்ட் சிப் உள்ள போன் இருந்தால், அருகே சென்றபின் திசையையும் தூரத்தையும் அம்புக்குறியோடு காட்டும் வசதி கைகொடுக்கும். அது பத்துப் பதினைந்து அடி தொலைவில் தேடும்போதுதான் அருமை புரியும் வசதி.

தொலைந்த பொருள் கவுண்டரில் டிராக்கருக்கு என்ன மதிப்பு என்பதை இனிச் சொல்ல வேண்டும். "என் பை இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது" என்று திரையைக் காட்டினால் ஊழியர் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார் என எதிர்பார்க்கலாகாது, அவ்வாறு எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. திரையிலுள்ள புள்ளி இருப்பிடத்தைச் சொல்கிறதே தவிர உரிமையை மெய்ப்பிப்பதில்லை. பையின் நிறம், கிழிந்த வார், உள்ளறையில் உள்ள பொருள்கள், போன் என்றால் அதற்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண், மடிக்கணினி என்றால் வரிசை எண் ஆகியவற்றைத்தான் அவர் கேட்பார். அவற்றை முன்கூட்டியே படமெடுத்து வைத்திருப்பவருக்கே வேலை விரைவில் முடியும். இருந்தாலும் டிராக்கர் ஒரு பெரிய உதவி செய்கிறது: எந்தக் கவுண்டருக்குப் போவது என்பதை முடிவுசெய்து தருகிறது. விமானத்துக்குள் விட்டது விமான நிறுவனத்திடமும், முனையத்தில் விட்டது விமான நிலைய நிர்வாகத்திடமும், சோதனைத் தட்டில் விட்டது பாதுகாப்புப் பிரிவிடமும் சேர்வது பல இடங்களில் வழக்கம். மூன்றும் தனித்தனி அலுவலகங்கள், ஒன்றின் பதிவேடு மற்றொன்றுக்குத் தெரியாது. இந்த மூன்றுக்கும் இடையே அலைவதில்தான் பலர் சோர்ந்து கைவிடுகிறார்கள்.

2024 டிசம்பரில் ஐஓஎஸ் 18.2 பதிப்புடன் வந்த இருப்பிடப் பகிர்வு இணைப்பு இவ்விஷயத்தில் உண்மையான முன்னேற்றம். பொருளின் இருப்பிடத்தை ஓர் இணையச் சுட்டியாக உருவாக்கி நிறுவனத்துக்கு அனுப்பலாம். அவர்கள் தங்கள் கணினியிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதைப் பல விமான நிறுவனங்கள் தங்கள் தேடல் முறையில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன; வேர்ல்டுடிரேசரும் அதற்கு இடமளிக்கிறது. ஒப்படைத்த பெட்டிகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதாயினும், மறந்து விட்ட கைப்பொருளுக்கும் இச்சுட்டி பயன்படும் என்பதால் கவுண்டரில் தயங்காமல் கேட்டுப் பார்க்கலாம்.

இதைவிட எளியதும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் 'தொலைந்த நிலை' என்னும் அமைப்பு. அதை இயக்கினால், பொருளைக் கண்டெடுப்பவர் தன் போனை ஏர்டேக்கின் மேல் வைத்தவுடன் நாம் எழுதிய செய்தியும் எண்ணும் திரையில் தோன்றும். மிக அருகில் வைத்தால் தகவலை வாசிக்கும் என்எஃப்சி வசதியுள்ள ஆண்ட்ராய்டு போனிலும் இதை வாசிக்கலாம். நேர்மையான மனிதர் ஒருவர் பையைக் கண்டெடுத்து, யாருடையது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் நிலைதான் நடைமுறையில் பெரிதும் நேர்வது என்பது என் நம்பிக்கை. அவருக்கு வேண்டியது வரைபடம் அன்று, ஓர் எண். அந்த எண் தொலைந்துபோகக்கூடிய போனின் எண்ணாக இருக்கக் கூடாது. உடன் பயணிக்கும் ஒருவருடையதாகவோ வீட்டில் இருப்பவருடையதாகவோ நாட்டுக் குறியீட்டுடன் இருக்க வேண்டும். டிராக்கரோடு ஒரு சிறு காகிதத்தில் அதே எண்ணை எழுதிப் பைக்குள் வைப்பதும் நலம், ஏனெனில் வில்லையைத் தட்டிப் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்காது.

நிறுவனங்களுக்கு இடையே தேர்வு செய்வது கையில் உள்ள போனைப் பொறுத்தது. ஐபோன் வைத்திருப்பவருக்கு ஏர்டேக்கைவிடப் பரந்த வலையமைப்பு கிடைப்பது அரிது. ஆனால் அதில் துளை கிடையாது, வளையமோ உறையோ தனியாக வாங்க வேண்டும். ஸ்மார்ட்டேக் 2-இல் வளையம் உடலோடு சேர்ந்தே இருக்கிறது, பேட்டரி 500 நாட்கள் வரை வரும் என்கிறது நிறுவனம். கேலக்ஸி போன் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. டைல் ஐபோன், ஆண்ட்ராய்டு ஆகிய இரு வகைப் போன்களிலும் இயங்கும் என்பது குடும்பத்தில் வெவ்வேறு போன்கள் உள்ளவர்களுக்கு வசதி; எனினும் அதன் செயலியை நிறுவியவர்களின் எண்ணிக்கையைச் சார்ந்தே அதன் கண்கள் விரிகின்றன. கூகுள் வலையமைப்பு 2024-இல் தொடங்கியபோது, தனியுரிமை கருதி, மக்கள் நெருக்கமாக உள்ள இடங்களில் பல போன்கள் கண்டபிறகே இருப்பிடத்தைத் தெரிவிப்பது என்பதை இயல்பு அமைப்பாக வைத்தது. விமான நிலையத்தில் அது தடையாக இராது; ஆளரவமற்ற ஒரு சிறு ரயில் நிலையத்தில் விட்ட பைக்கு அது பெரிய தடை. உங்கள் போனில் எல்லா இடங்களிலும் உதவும்படி அமைப்பை மாற்றிக்கொண்டால், குறைந்தது இன்னொருவரின் பொருளாவது கிடைக்க வழி பிறக்கும்.

பாதுகாப்பு கருதிச் சேர்க்கப்பட்ட ஒரு வசதி மீட்பிலும் தலையிடுகிறது. அறிமுகமற்ற டிராக்கர் ஒன்று தன்னுடன் நகர்ந்துகொண்டே இருந்தால், போன் தன்னை வைத்திருப்பவரை எச்சரிக்கும். 2024 மே முதல் ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஒரே பொது நெறியின்படி இதைச் செய்கின்றன. ஒருவரை மறைவாகப் பின்தொடர்வதைத் தடுக்க இது இன்றியமையாதது, இதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். நல்லெண்ணமுள்ள டாக்சி ஓட்டுநருக்கு, பின்னிருக்கையில் ஒரு பை கிடக்கிறது என்பதை இந்த எச்சரிக்கையே அறிவிக்கும். எடுத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவரோ வில்லையைக் கழற்றி எறிந்துவிடுவார். அந்நிலையில் புள்ளி ஒரு தனிவீட்டில் நின்றாலும் நாமே கதவைத் தட்டப் போவது ஆபத்து; காவல் நிலையத்தில் புகார் அளித்து, அவர்கள் வழியாகவே அணுக வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு ஏர்டேக் வில்லை பொருந்தாது. 8 மில்லிமீட்டர் தடிமன் சட்டைப்பையில் உறுத்தும். அட்டை வடிவ டிராக்கர்களே அதற்கு ஏற்றவை. பேட்டரியைப் பொறுத்தவரை, ஏர்டேக் பயன்படுத்தும் சிஆர்2032 நாணயப் பேட்டரி ஏறத்தாழ ஓராண்டு உழைக்கும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய சில பேட்டரிகள் இதில் சரியாகத் தொடர்பு கொள்வதில்லை என்று ஆப்பிளே அறிவித்திருப்பதால், மாற்றியதும் போனில் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதில் உள்ள லித்தியம் மிகக் குறைவு என்பதால் விமானப் பெட்டியிலும் வைக்கலாம்.

கண்டெடுத்த பொருளை நேரில் பெற முடியாதபோது கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கும். செலவு பெரும்பாலும் நம்முடையதே. பைக்குள் பவர் பேங்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு அனுப்பும்படி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையெனில் லித்தியம் பேட்டரி விதிகளால் பார்சல் முழுவதும் தடைபடலாம். டிராக்கரை மட்டும் கழற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பார்சல் எங்கே நிற்கிறது என்பதை அது காட்டிக்கொண்டே வரும். நிறுவனத்துக்கு அனுப்பிய பகிர்வுச் சுட்டியை நாம் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தாவிட்டாலும் 7 நாட்களிலோ, பை நம் கைக்கு வந்தவுடனோ அது தானாகவே செயலிழந்துவிடும்.